வேம்பு நான்கு, குடும்பம் மூன்று: தாவரப் பெயர்களைப் படிப்பது எப்படி?

வேம்பு, மலைவேம்பு, கறிவேம்பு, நிலவேம்பு. பெயரை மட்டும் கேட்டால் நான்கும் நெருங்கிய சொந்தம் என்றுதான் தோன்றும். உண்மையில் முதல் இரண்டுக்கு மட்டுமே உறவு உண்டு. கறிவேம்பு, அதாவது நம் கறிவேப்பிலை, எலுமிச்சையைச் சேர்ந்தது. நிலவேம்போ கனகாம்பரத்தைச் சேர்ந்தது. தாவரவியல் கணக்கில் இந்த நான்கு வேம்புகளும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள்.

அப்படியானால் நம் முன்னோர் தப்பாகப் பெயர் வைத்துவிட்டார்களா? இல்லை. அவர்கள் பார்த்தது வேறு. கறிவேப்பிலையின் இலையமைப்பு வேப்பிலையை ஒத்திருந்தது. கறிக்கு ஆகும் வேம்பு என்றார்கள். நிலவேம்பு முழங்கால் உயரச் செடி, வாயில் வைத்தால் வேம்பையே தோற்கடிக்கும் கசப்பு. தரையில் வளரும் வேம்பு என்றார்கள். வழக்குப் பெயர் என்பது கண், நாக்கு, பயன் இவற்றைக் கொண்டு வைத்தது. அறிவியல் பெயர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது எந்தச் செடிக்கு உறவு? இரண்டு பெயர்களும் தேவைதான். ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது.

உறவைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகளில் ஒளி ஊடுருவுவது தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இலையைக் கசக்கினால் வரும் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. எலுமிச்சை இலையிலும் வில்வ இலையிலும் இதே புள்ளிகளைப் பார்க்கலாம். ருட்டேசி என்ற குடும்பத்துக்கு இது முக்கியமான அடையாளம். நாரத்தை, சாத்துக்குடி, விளாம் எல்லாம் இதற்குள் வரும். வேப்பிலையில் இந்தப் புள்ளிகளைத் தேடினால் கிடைக்காது.

வேம்பின் அடையாளம் பூவில் இருக்கிறது. ரசத்துக்குப் போடும் முன் ஒரு வேப்பம்பூவைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். வெள்ளை இதழ்களுக்கு நடுவே மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றாக ஒட்டி ஒரு குட்டிக் குழாயாக இருக்கும். மலைவேம்பின் பூவிலும் அப்படித்தான். இது மீலியேசி குடும்பம்.

நிலவேம்பின் கதை அதன் காயில் இருக்கிறது. முற்றிக் காய்ந்ததும் காய் இரண்டாகப் பிளந்து விதைகளைத் தெறித்து விடும். கனகாம்பரமும் அப்படியே. சிறு வயதில் எச்சில் தொட்டு வைத்துப் ‘படார்’ என்று வெடிக்கவிட்டு விளையாடிய பட்டாசுக்காய் நினைவிருக்கிறதா? அதுவும் இந்த அகாந்தேசி குடும்பம்தான். ஆடாதோடையும் இதில் சேர்த்தி.

ஒரே ஒரு அடையாளத்தை நம்பி முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. மகரந்தத் தாள்கள் குழாயாக இணைவது செம்பருத்தியிலும் உண்டு. ஆனால் செம்பருத்தி வேம்புக்கு உறவில்லை, வெண்டைக்கும் பருத்திக்கும் பூவரசுக்கும்தான் உறவு. இலை எப்படி அமைந்திருக்கிறது, காம்படியில் என்ன இருக்கிறது, சூலகத்தில் எத்தனை அறைகள், காய் எப்படி வெடிக்கிறது என்று பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் குடும்பத்தைச் சொல்கிறார்கள். இப்போது மரபணுவையும் பார்க்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு சொல், ஒரு செடி

வேம்பின் அறிவியல் பெயர் அசாடிராக்டா இண்டிகா. முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினத்தைக் குறிப்பது. நம் ஊரில் முன்னெழுத்தை முதலில் போட்டு அப்புறம் பெயரை எழுதுகிறோமே, அதுபோல யாருடைய வகையறா என்பது முன்னால், ஆள் யார் என்பது பின்னால். ‘இண்டிகா’ என்று மட்டும் சொன்னால் பயனில்லை. புளியும் இண்டிகாதான் (டாமரிண்டஸ் இண்டிகா), மாவும் இண்டிகாதான் (மாஞ்சிஃபெரா இண்டிகா). இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் ஒரு செடி.

ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து பெரிய எழுத்து, சிற்றினம் முழுவதும் சின்ன எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில். நர்சரிப் பலகைகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, பெயர் சரியாக இருந்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். பல பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். குடும்பப் பெயர்கள் ‘ஏசி’ என்று முடியும்: மால்வேசி, சொலானேசி, ஃபேபேசி. எட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் பழைய பெயரையும் விதி அனுமதிக்கிறது. அதனால்தான் அவரையின் குடும்பம் ஒரு நூலில் ஃபேபேசி என்றும் இன்னொன்றில் லெகுமினோசே என்றும் இருக்கும். சூரியகாந்தி ஒன்றில் ஆஸ்டரேசி, மற்றதில் காம்போசிட்டே. இரண்டும் சரிதான்.

இந்த முறையை நிலைநிறுத்தியவர் சுவீடனின் கார்ல் லின்னேயஸ். அவருக்கு முன் ஒரு செடியின் ‘பெயர்’ என்பது ஒரு நீண்ட லத்தீன் வர்ணனை. தக்காளியைச் சொல்ல வேண்டுமானால் ‘முள்ளில்லாத மென்தண்டும் பிளவுபட்ட சிறகு வடிவ இலைகளும் கொண்ட சொலானம்’ என்கிற மாதிரி சொல்ல வேண்டும். புதிதாக ஒரு செடி அகப்பட்டால், அதிலிருந்து பிரித்துக்காட்ட வர்ணனை இன்னும் நீளும். 1753இல் வெளியான ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ நூலில் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் ஓரத்தில் ஒரு சுருக்கச் சொல்லைச் சேர்த்தார். தக்காளி சொலானம் லைக்கோபெர்சிகம் ஆனது. அந்த ஓரச்சொல்தான் நிலைத்தது. இன்றும் தாவரப் பெயர்களின் சட்டம் அந்த நூலைத் தொடக்கமாக வைத்துத்தான் கணக்கிடுகிறது. பொதுவாக, முறையாக முதலில் வெளியிடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை.

பெயருக்குப் பின்னால் ‘எல்.’ என்று ஒற்றை எழுத்தும் புள்ளியும் பார்த்திருப்பீர்கள். அது லின்னேயஸின் கையெழுத்து மாதிரி, அவர் வைத்த பெயர் என்று பொருள். வேம்புக்கு அவர் வைத்தது மீலியா அசாடிராக்டா. அதாவது மலைவேம்பின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். 1830களில் பிரெஞ்சு அறிஞர் ஆத்ரியன் தெ ழுசியூ அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து அசாடிராக்டா இண்டிகா ஆக்கினார். பாரசீகத்தில் ‘ஆசாத் திரக்த்’ என்றால் சுதந்திர மரம்.

கறிவேப்பிலைக்குள் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்று ஒளிந்திருக்கிறது. முர்ரயா கோனிகி என்ற பெயரில் வரும் கோனிகி, யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர். லின்னேயஸிடம் படித்தவர், 1768இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். இங்கிருந்து செடிகளை உலர்த்தி ஆசிரியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஆசிரியர் தன் மாணவர் பெயரையே ஒரு சிற்றினத்துக்கு வைத்தார். நம் தாளிப்பில் தினமும் பொரிவது அவர் பெயர்தான்.

லத்தீனுக்குள் போன நம் சொற்கள்

அறிவியல் பெயர் எல்லாம் கிரேக்கமும் லத்தீனும் என்று பயப்பட வேண்டாம். முருங்கையின் பேரினம் மொரிங்கா. அது முருங்கை என்ற சொல்லேதான். அந்தப் பேரினத்தை வைத்துக் குடும்பத்துக்கும் மொரிங்கேசி என்று பெயர். 13 சிற்றினங்கள், ஒரே பேரினம், அவ்வளவுதான் மொத்தக் குடும்பமும். ஆடாதோடையின் பெயர் ஜஸ்டிசியா அதாடோடா. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஆடாதோடை கேட்கும்.

பசலையின் பேரினமான பாசெல்லாவும் ஏலத்தின் பேரினமான எலட்டாரியாவும் மலையாள வழக்கிலிருந்து போனவை. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் உள்ளூர்ப் பெயர்களே தலைப்பாக இருந்தன. மலபார்ச் செடிகளுக்கு லின்னேயஸ் பெரிதும் நம்பியது இந்த நூலைத்தான்.

பெயர்கள் சில நேரம் ஏமாற்றவும் செய்யும். டாமரிண்டஸ் இண்டிகா என்பதைப் பார்த்துப் புளி இந்தியாவில் பிறந்தது என்று நினைத்தால் தப்பு. அதன் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. டாமரிண்டஸ் என்பதே ‘இந்தியப் பேரீச்சை’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாசிப்பயறை இந்தியில் மூங் என்பார்கள். ஆனால் விக்னா முங்கோ என்பது உளுந்தின் பெயர்! பாசிப்பயறு விக்னா ரேடியேட்டா. வைத்தது வைத்தாகிவிட்டது, பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதியில் இடமில்லை.

ஒரே பெயர், வேறு செடி; ஒரே செடி, பல பெயர்

இங்குதான் விஷயம் தீவிரமாகிறது. ‘பிராமி’ என்று கேட்டால் வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையைக் (சென்டெல்லா ஏசியாட்டிகா) கொடுப்பார்கள். கேரளத்தில் நீர்ப்பிரம்மியைக் (பக்கோப்பா மொன்னியெரி) கொடுப்பார்கள். முதலாவது கொத்தமல்லிக் குடும்பம், இரண்டாவது அதற்குச் சம்பந்தமே இல்லாதது. கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூ பூப்பது எக்லிப்டா பேரினம். மஞ்சள் பூ பூப்பது வேறு பேரினம். குடும்பம் என்னவோ ஒன்றுதான், ஆஸ்டரேசி. கருஞ்சீரகம் சீரகமே அல்ல. அன்னாசிப்பூவுக்கும் அன்னாசிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அன்னாசிப்பூவில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நாம் பிரியாணியில் போடுவது இலிசியம் வெரம். அதே பேரினத்தில் இலிசியம் அனிசேட்டம் என்று ஜப்பானில் வளர்வது நச்சு. காய்ந்தபின் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பேரினம் ஒன்று என்பதற்காகக் குணமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

ஒரே செடிக்குப் பல பெயர் என்பதற்குத் தமிழ்நாட்டின் மாநில மலரே போதும். இலக்கியத்தில் காந்தள், செங்காந்தள். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கின் வடிவத்தைப் பார்த்துக் கலப்பைக்கிழங்கு. விதைக்காகப் பயிரிடும் விவசாயிகளிடம் கண்வலிக்கிழங்கு. அத்தனையும் குளோரியோசா சூப்பர்பா. இதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கீல்வாத மருந்தாகவும் அதே பொருள் பயன்படுகிறது. ‘கலப்பைக்கிழங்கு’, ‘கண்வலிக்கிழங்கு’ என்று மட்டும் தெரிந்த ஒருவர் அதை ஏதோ உண்ணும் கிழங்கு, கைவைத்தியக் கிழங்கு என்று நினைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வழக்குப் பெயரோடு இரண்டு சொல் பெயரையும் கேட்டு வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வழக்குப் பெயரே உறவைச் சரியாகப் பிடித்த இடங்களும் உண்டு. மஞ்சள் காமாலைக்குத் தேடும் கீழாநெல்லி ஒரு சாண் செடி, நெல்லி ஒரு மரம். பார்த்தால் யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே பேரினம்: ஃபில்லாந்தஸ் அமரஸ், ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா. கீழாநெல்லியின் ஒரு சிறு கிளையைத் திருப்பிப் பாருங்கள். புளியிலை போலக் கூட்டிலையாகத் தெரிவது உண்மையில் ஒரு மெல்லிய கிளை. அதில் தனித்தனி இலைகள், ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு பூவோ காயோ வரிசையாகத் தொங்கும். புளியிலையின் அடியில் எங்காவது பூ தொங்குமா? நெல்லியிலும் இந்தக் கிளை அமைப்பேதான். கீழ்க்காய் நெல்லி என்று பெயர் வைத்தவர் நன்றாகக் குனிந்து பார்த்திருக்கிறார்.

சமையலறையில் ஒரு சுற்று

குடும்பங்களைப் பழகச் சமையலறையைவிட நல்ல இடம் கிடையாது. கத்தரி, தக்காளி, உருளை, சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்தரி அத்தனையும் சொலானம் என்ற ஒரே பேரினம். பூவைப் பாருங்கள்: நட்சத்திரம் போல ஐந்து மடல், நடுவே மகரந்தப்பைகள் மஞ்சளாகக் கூம்பு போலச் சேர்ந்து நிற்கும். காய் முற்றிய பிறகும் பச்சைப் புல்லிவட்டம் உதிராமல் காம்படியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தரிக்காயின் தொப்பி அதுதான். மிளகாய், புகையிலை, ஊமத்தை வேறு பேரினங்கள், ஆனால் அதே சொலானேசி குடும்பம். சாப்பாடும் விஷமும் ஒரே பந்தியில். மிளகாய்க்குப் பெயர் கொடுத்த மிளகு இதில் இல்லை. அதன் சொந்தம் வெற்றிலையும் திப்பிலியும்.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் தனியா, சீரகம், சோம்பு, ஓமம், கூடவே பெருங்காயம். எல்லாம் ஏபியேசி. கொத்தமல்லியைப் பறிக்காமல் விட்டால் குடைக்கம்பி விரித்தது போலப் பூக்கும், அதுதான் இந்தக் குடும்பத்தின் முத்திரை. கேரட்டும் இதில் அடக்கம். எதிர்த்திசையில் ஓர் ஆச்சரியம்: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் ஒரே பேரினம் மட்டுமல்ல, ஒரே சிற்றினம், பிராசிக்கா ஒலெரேசியா. இலையைப் பெருக்கினார்கள், பூங்கொத்தைப் பெருக்கினார்கள், தண்டைப் பெருக்கினார்கள். மனிதர் செய்த வேலை.

பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

மாணவர்கள் அதிகம் எரிச்சலடைவது இதில்தான். நியாயமான எரிச்சல். ஆனால் காரணம் உண்டு: உறவைச் சொல்வதே பெயரின் வேலை என்றால், உறவு பற்றிய புரிதல் மாறும்போது பெயரும் மாறித்தான் ஆக வேண்டும். லின்னேயஸ் சொலானத்தில் வைத்த தக்காளியை 1768இல் பிலிப் மில்லர் லைக்கோபெர்சிகான் எஸ்குலெண்டம் என்று தனியே கொண்டுபோனார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அதுவே பாடப்புத்தகப் பெயர். மரபணு ஆய்வு தக்காளியை உருளைக்கிழங்கின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது; பெயர் மறுபடி சொலானம் லைக்கோபெர்சிகம். கறிவேப்பிலைக்கும் லின்னேயஸ் முதலில் வைத்த பெர்கெரா கோனிகி என்பதே இப்போது திரும்பி வருகிறது.

மரபணுவைப் பார்த்துக் குடும்பங்களை அடுக்கும் பணியை ஏபிஜி என்ற அறிஞர் குழு 1998இல் தொடங்கியது. 2016இல் வந்த அதன் நான்காம் பதிப்பு பூக்கும் தாவரங்களை 416 குடும்பங்களாகப் பிரிக்கிறது. இதில் சில முடிவுகள் கண்ணுக்கு நம்பவே முடியாதவை. ஒரே குளத்தில் பூக்கும் தாமரையும் அல்லியும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை எனலாம். தாமரைக்கு நெருக்கமானவை காஷ்மீரின் சினார் மரமும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமும். தேக்கு இப்போது துளசியின் குடும்பம், லேமியேசி. இது மட்டும் அவ்வளவு அதிர்ச்சியில்லை: துளசித் தண்டைப் போலவே தேக்கின் இளங்கிளையும் விரலில் உருட்டினால் நான்கு பட்டையாகத் தட்டுப்படும்.

எல்லா மாற்றமும் இப்படி அமைதியாக நடப்பதில்லை. கருவேலம் நெடுங்காலம் அக்கேசியா நிலோட்டிகா. அக்கேசியா என்ற பேரினத்துக்கே அடையாளச் சிற்றினமாக, அதாவது அந்தப் பெயர் எந்தக் கூட்டத்துக்கு உரியது என்று காட்டும் சிற்றினமாக, இருந்தது இந்த மரம்தான். ஆனால் அக்கேசியா என்று சொல்லப்பட்டவை உண்மையில் பல தனிப் பேரினங்கள் என்று தெரிந்ததும், பெயர் யாருக்கு என்ற தகராறு வந்தது. ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் சிற்றினங்கள். அத்தனையையும் பெயர் மாற்றுவதா, ஆப்பிரிக்க, ஆசிய மரங்களை மாற்றுவதா? 2005இல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் ஆஸ்திரேலியா பக்கம் தீர்ப்பானது, 2011இல் மெல்போர்னில் அது உறுதியானது. நம் கருவேலம் வாச்செல்லியா நிலோட்டிகா ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் நட்ட வாட்டில் மரத்துக்கு இன்னமும் அக்கேசியா என்றே பெயர். எனக்கு இதில் கொஞ்சம் மனக்குறைதான். எண்ணிக்கை ஜெயித்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சீமைக்கருவேலத்தைக் கருவேலத்தோடு சேர்க்காதீர்கள். குடும்பம் ஃபேபேசி, அதுவரை சரி, பேரினம் வேறு. புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று நமக்குப் பழகிய பெயரை 2022இல் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று மாற்றியிருக்கிறார்கள். ‘சீமை’ என்ற நம் முன்னொட்டு ‘வெளியூர்ச் சரக்கு, பார்க்க மட்டும் அதே மாதிரி’ என்று எச்சரிக்கிறது. சீமை அகத்தியும் அகத்தியின் பேரினம் அல்ல.

பழைய பெயர்களைத் தூக்கிப்போட முடியாது. அவை இணைப்பெயர்களாகப் பட்டியலில் தொடர்ந்து இருக்கும். நித்தியகல்யாணி ஒரு காலத்தில் விங்கா ரோசியா. இன்று கேதராந்தஸ் ரோசியஸ். ஆனால் அதிலிருந்து எடுத்த புற்றுநோய் மருந்துகளுக்கு வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. பழைய சித்த மருத்துவ நூல் பதிப்பிலோ ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஆய்விலோ ஒரு செடியைத் தேடும்போது பழைய பெயர் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

ஒரு பெயர் இன்றும் செல்லுமா என்று பார்க்க, லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் ‘பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளம் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பெயரைத் தட்டினாலும் இப்போது ஏற்கப்பட்ட பெயர், குடும்பம், தாயகம் மூன்றையும் காட்டிவிடும். தமிழ்ப் பெயரைக் கொடுத்துத் தேடுவதானால், கிடைக்கும் இரண்டு சொல் பெயரை அப்படியே நம்பாமல் படத்தோடும், முடிந்தால் பூவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இலையை மட்டும் வைத்து முடிவு செய்வது அனுபவசாலிகளையே கவிழ்த்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கினால் பார்த்துக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. அதனால் பாக்கெட்டில் பேரினமும் சிற்றினமும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. பேரினத்துக்குப் பின்னால் ‘எஸ்பி.’ என்று மட்டும் இருந்தால், எந்தச் சிற்றினம் என்று சொல்லவில்லை என்று அர்த்தம். உள்ளே சாப்பிடுகிற பொருளாக இருந்தால் அதை நான் வாங்கமாட்டேன்.